இன்னும் ஒரு அத்தியாயம்தான்

வீடு
ஜனவரி 8

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். முப்பது மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து போன அலுப்பு தீர்ந்ததா, சளி விட்டதா என்று எழுது.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று குட்டி உன் தலையணையைத் தூக்கிக்கொண்டு அத்தையின் அறைக்குப் போய்விட்டாள். அக்கா தன் தையல் மெஷினையும் இங்கேயே கொண்டுவந்துவிட்டதால் அந்த அறையில் கால் வைக்க இடமில்லை. துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் உன் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். அப்படியே அம்மா என்று அக்கா சொன்னாள்.

லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. முன்னறையில் பல் டாக்டர் பிடுங்கப் பிடுங்க, பின்னறையில் நான் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் பல்செட் வாங்கிக்கொண்டு போன பஸ் கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார். சாப்பிட முடிகிறதாம், பேச முடிகிறதாம், விசில்தான் ஊத வரவில்லையாம். "டிரைவர் ஸ்டாப்புல நிக்காமப் போயிட்டே இருக்கார் தம்பி" என்றார். முன்பல்லை அரத்தால் தேய்ப்பதும், ஊதச் சொல்வதும், மறுபடி தேய்ப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. சத்தம் தாங்காமல் டாக்டரே எட்டிப் பார்த்தார்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் விடுதி ஃபோனுக்கு இனி கூப்பிட வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. கடிதமே போதும்.

ஜூன் முப்பதுதான் கடைசித் தேதி, இனிமேல் நீட்டித்துத் தரமாட்டார்கள் என்றாய். ஐந்தில் நான்கு அத்தியாயம் முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் என்றும் சொன்னாய். ஆறு மாதம் கையில் இருக்கிறது. என் கணக்குக்கு அது தாராளம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்,
பல்கட்டி

•

விடுதி, அறை 14
ஜனவரி 30

என் 'என்னங்க'வுக்கு,

இங்கு சுகம். சளி போய்விட்டது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்தே உட்கார்ந்திருக்காதீர்கள். அண்ணிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

வேலை நன்றாகப் போகிறது. நான்காவது அத்தியாயத்தில் கொஞ்சம் மெருகு போடுவது மட்டும் பாக்கி. ஏரியின் வரைபடத்தில் கரைக்கோடு சற்றுத் தடித்திருந்தது. அது கண்ணை உறுத்தியதால் பதினேழு வரைபடங்களையும் திரும்ப வரைந்தேன். இப்போது பார்க்க அழகாக இருக்கிறது. அணைக்கட்டு ஏரிகளின் அடியில் வண்டல் எப்படிப் படிகிறது என்று இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவு உழைப்பையும் அரைகுறையாக எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

இந்த மாடியில் எட்டுப் பேர் இருக்கிறோம். எட்டுப் பேரும் அவரவர் பள்ளியில், கல்லூரியில் முதலாவதாக வந்தவர்கள். எட்டுப் பேருக்கும் ஆய்வேடு கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அதனால் எட்டுப் பேரும் மும்முரமாகத் துணி துவைத்துக்கொண்டிருக்கிறோம். கொடியில் இடமில்லை. பக்கத்து அறைக் கணக்குக்காரி நேற்று மின்விசிறியைக் கழற்றித் துடைத்தாள். அதைப் பார்த்து நானும் துடைத்தேன்.

ஏப்ரல் பன்னிரண்டு குட்டியின் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்குள் ஐந்தாவது அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவேன். தொடங்கிவிட்டால் பத்து நாள் வேலைதான்.

அன்புடன்,
நான்

•

வீடு
பிப்ரவரி 16

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் குனிகிறேன்.

நீ பிறந்தநாளுக்கு வருவதைக் குட்டியிடம் சொல்லிவிட்டேன். காலண்டரில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு அடித்து, பக்கத்துக் கட்டத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டாள். அம்மா ஒரு நாளைக்கு மேல் இருப்பாளாம்.

தொடங்கிவிட்டால் பத்து நாள் வேலை என்று போன வருடமும் எழுதியிருந்தாய். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லி நீ அங்கே அறை எடுத்து இரண்டு வருடமாகிவிட்டது, அதனால் கேட்கிறேன். உன் கைடு என்ன சொல்கிறார் என்று நீ எழுதுவதே இல்லை. நான்கு அத்தியாயத்தையும் படித்துவிட்டாரா? மனிதருக்குப் பிடித்திருக்கிறதா?

வண்டலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் எழுது. படிக்க ஆசையாக இருக்கிறது.

உன்,
பல்கட்டி

•

விடுதி, அறை 14
ஏப்ரல் 3

என்னங்க,

அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் அப்படியே.

பிறந்தநாளுக்கு வர முடியாது போலிருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு வாரம் விட்டுவிட்டால் கோர்வை அறுந்துவிடும். ஜூனில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன். குட்டிக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பார்சலில் ஒரு கவுன் அனுப்புகிறேன், அளவு சரியாக இல்லாவிட்டால் அண்ணி பிரித்துத் தைத்துவிடுவார்கள்.

நான்

•

வீடு
ஏப்ரல் 19

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் உடம்பைப் பற்றி நீ இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

கவுன் கச்சிதமாக இருந்தது. ஆனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். உன் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. அன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டேன், அப்புறம் காலையில் என்று விட்டேன். பன்னிரண்டாம் தேதி விடிந்ததும் குட்டி தானே ஷூ மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள், ஸ்டேஷனுக்குப் போக. "அம்மா ரயில் லேட்டாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு அதுதான் வாயில் வந்தது. பதினோரு மணி வரைக்கும் அவள் ஷூவைக் கழற்றவில்லை. கடைசியில் அக்காதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். குட்டி அழவில்லை. உள்ளே போய் காலண்டரில் அந்தச் சிவப்புக்கு மேல் கறுப்பு அடித்தாள்.

இனி நீ வருவதாக எழுதினால் அவளிடம் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். ரயிலை விட்டு நீ இறங்குவதை என் கண்ணால் பார்த்த பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

உன்,
பல்கட்டி

•

விடுதி, அறை 14
மே 26

என்னங்க,

நீங்கள், குட்டி, அண்ணி மூவரும் நலந்தானே? இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தேன். பதில் ஒழுங்காக எழுத வேண்டும், நிதானமான ஒரு நாளில் எழுதலாம் என்று நினைத்தேன். அந்த நாள் வரவில்லை.

ஒரு விண்ணப்பம். என்னை டாக்டரம்மா என்று எழுத வேண்டாம். உறை மேலும் அப்படி எழுதிவிடுகிறீர்கள், விடுதிக் காவலர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறார்.

நான் சோம்பேறி இல்லை. அது உங்களுக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு வரி எழுதுகிறேன். அது நான் எழுதுகிற வரி மாதிரி இல்லை. அடிக்கிறேன். அந்த வரிக்கு ஆதாரம் தேடி நூலகம் போகிறேன். ஒரு கட்டுரையைப் படித்தால் அதில் இன்னும் பத்துக் கட்டுரையைப் படிக்கச் சொல்லியிருக்கிறது. பத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மாலை ஆறாகிவிடுகிறது. நாளைக்கு ஐந்து மணிக்கே எழுந்து எழுதிவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறேன். முடிவெடுத்ததும் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருக்கிறது. ஒரு நாளில் நான் நிம்மதியாக மூச்சு விடுவது அந்தக் கொஞ்ச நேரம்தான், நாளைக்கு என்று நினைக்கிற நேரம்.

கண்ணாடியில் பார்த்தால் முகம் வேறு யாருடையதோ போலிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் "எப்போ குடுக்கிறே?" என்று யாராவது கேட்பார்கள் என்று எல்லோரும் போன பிறகு போகிறேன்.

கைடைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நலமாக இருக்கிறார்.

இன்னும் ஒரு அத்தியாயம்தான்.

நான்

•

வீடு
ஜூன் 6

அன்புள்ள உனக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று படித்ததில் இருந்து அக்காவுக்கும் தட்டில் கை போகவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னிடம் சொல்லவேண்டியது ஏதாவது உனக்கு இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் சரி, கோபப்பட மாட்டேன். எனக்கும் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத வரவில்லை. அடுத்ததில் எழுதுகிறேன்.

குட்டிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள், என்னைக்கூட.

உன்,
பல்கட்டி

•

விடுதி, அறை 14
ஜூலை 3

என்னங்க,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். மூவரும் நலமா?

நான் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜூன் பத்தொன்பதாம் தேதி, இனி வழியே இல்லை என்று ஆன பிறகு, ஐந்தாவது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். பதினோரு நாளில் பதினோரு பக்கம் வந்தது. நாற்பது பக்கம் வரவேண்டிய இடம் அது. எல்லாவற்றையும் சேர்த்து நூற்று எண்பத்தேழு பக்கம். கைடின் கையெழுத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அட்டை போட்டு வாங்கிக்கொண்டு முப்பதாம் தேதி மதியம் இரண்டு மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டர் நான்கு மணிக்கு மூடுவார்கள். எனக்கு முன்னால் பதினான்கு பேர்.

மூன்றேகாலுக்கு என் முறை வந்தது. உள்ளே இருந்தவர் கையை நீட்டினார். "ஒரு நிமிஷம் சார், ஒரு பக்கம் மட்டும் பாத்துக்கிறேன்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டு, பின்னால் நின்றவரை முன்னால் விட்டேன். பிரித்துப் பார்த்தேன். அந்தப் பதினோரு பக்கத்தில் ஒரு வாக்கியம் முடியாமல் தொங்கியது. அடுத்தவரையும் விட்டேன். இன்னொரு பக்கத்தைப் பிரித்தேன். அதற்கு அடுத்தவரையும் விட்டேன்.

மூன்றே முக்காலுக்குக் கணக்குக்காரி ஓடி வந்தாள். அவளுடையதற்கு அட்டைகூட இல்லை, நூல் போட்டுக் கட்டியிருந்தாள். ஒரு பக்கம் தலைகீழாக இருக்கிறது என்று கவுன்ட்டர்காரர் காட்டினார். "தலைகீழாவே இருக்கட்டும் சார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். திரும்பியவள் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்தாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறே? குடுத்துரு. அப்படியே குடுத்துரு."

"நீ போ, வந்துடுறேன்" என்றேன்.

கடைசியில் வரிசையில் யாரும் இல்லை. கவுன்ட்டர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, குடுக்கிறீங்களா, மூடட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர், குரலில் எரிச்சல் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டடி. ஆய்வேடு என் கையில் இருந்தது. கையை நீட்டினால் போதும். மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கையை நீட்டவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பலகையை இறக்கிவிட்டார்.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயப்படாதீர்கள், வேறு எதுவும் நினைக்கவில்லை. உங்களிடம் போய் என்ன சொல்வது என்று மட்டும் நினைத்தேன். விளக்கு போட்டதும் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு அத்தியாயம் முடிந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னது முழு உண்மை இல்லை. முதல் அத்தியாயத்தை மட்டும்தான் கைடு பார்த்திருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்னால். அதைத் துறையில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். "எழுதினா இப்படி எழுதணும்" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. மறுநாள் இரண்டாவது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அன்றிலிருந்து எதை எழுதினாலும் அவர் அதை எல்லோர் முன்னாலும் படிப்பது போலவே காதில் கேட்கிறது. எழுதி எழுதி மாற்றினேன், காட்டவில்லை. பதினான்கு மாதமாக அவர் கண்ணிலேயே படவில்லை. அவர் முன்படிக்கட்டில் ஏறினால் நான் பின்படிக்கட்டில் இறங்குவேன்.

முதல் இடத்தைத் தவிர வேறு எதையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம்.

நான்

•

வீடு
ஜூலை 11

அன்புள்ள உனக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம். நீ இருக்கிறாய் என்பதே இப்போதைக்கு எங்களுக்குப் பெரிய சுகம்.

பதில் போட வேண்டாம் என்றாய். போடாமல் இருக்க என்னால் முடியாது. நான் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது என்றேனே, அதைச் சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு.

மே பதினோராம் தேதி பல்கலைக்கழகத்தில் இருந்து வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. உன் பெயருக்குத்தான் வந்தது, நான் பிரித்துவிட்டேன். ஒரு வருடமாக நீ கைடைப் போய்ப் பார்க்கவே இல்லை என்று அதில் இருந்தது. மேலும் அவகாசம் வேண்டுமானால் ஜூன் பதினைந்துக்குள் கைடின் கையெழுத்தோடு விண்ணப்பிக்கலாம் என்றும், அதுவும் இல்லாவிட்டால் ஜூன் முப்பதோடு உன் பதிவு ரத்து என்றும் இருந்தது.

எனக்கு எல்லாம் அன்றைக்கே தெரியும். உன்னிடம் சொல்லவில்லை.

நான்கு தடவை உனக்கு எழுதினேன். முதல் கடிதம் ரொம்பக் கோபமாக இருந்தது, கிழித்தேன். இரண்டாவது கெஞ்சுவது மாதிரி இருந்தது. மூன்றாவதைப் படித்தால் நீ உடைந்துபோவாய் என்று தோன்றியது. நான்காவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நீயே சொல்வாய், அதற்கு முன் நான் சொன்னால் உனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்து டிராயரில் வைத்தேன். இந்த வாரம் பார்க்கலாம், இந்த வாரம் பார்க்கலாம் என்று ஜூன் பதினைந்து போய்விட்டது. ஒரு பல்செட் ஒரு நாள் தாமதமானால் ஒரு மனிதர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஊர் முழுக்க வீறாப்பு பேசுகிறவன் நான். உன் வாழ்க்கையில் ஐந்து வாரம் தாமதம் செய்துவிட்டேன்.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு, "ஆளுக்கு ஆள் சளைச்சவங்க இல்லடா நீங்க ரெண்டு பேரும்" என்றாள். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த ஆய்வேட்டைக் கிழித்துப் போட்டுவிடாதே. எனக்கு அனுப்பி வை. நான் வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே கிளம்புகிறேன்.

உன்,
பல்கட்டி

•

விடுதி, அறை 14
ஆகஸ்ட் 2

என்னங்க,

குட்டியும் அண்ணியும் சுகமா? நீங்கள் சுகமா?

மூன்று வாரம் எழுதவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். ஜூன் பதினைந்து என்று ஒரு வழி திறந்திருந்தது, அது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு, மறுபடி எடுத்து நீவினேன். உங்களைத் திட்டி ஆறு பக்கம் எழுதினேன். அது நன்றாக வந்திருந்தது. ஆனால் அனுப்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை கணக்குக்காரி அறைக்கு வந்தாள். அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறாள். துறையில் என் பெயர் போட்ட தபால் பெட்டி நிரம்பி வழிகிறது என்று, அதில் இருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது உறைகள். நான் தொடமாட்டேன் என்றேன். அவளே கதவைத் தாழிட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உங்களுக்கு வந்த அதே கடிதம் எனக்கும் வந்திருக்கிறது. அதே தேதி. என் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நான்தான் அந்தப் பக்கமே போகவில்லை. உங்களை எதற்குக் கோபித்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

மீதி எட்டில் நான்கு கைடின் குறிப்புகள். முதல் குறிப்பில் எழுதியதைக் கொண்டுவா என்றிருந்தது. இரண்டாவதும் அதேதான். மூன்றாவதில், உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தார். நான்காவது ஜூலை முதல் தேதி எழுதியது. ரத்தானவர்கள் குழு முன்னால் போய் நின்று கேட்டால் சில சமயம் ஒரு வாய்ப்புக் கொடுப்பதுண்டு, செப்டம்பர் நான்காம் தேதி குழு கூடுகிறது, விருப்பமிருந்தால் என்னை வந்து பார் என்று எழுதியிருந்தார். கணக்குக்காரி அதைச் சத்தமாகப் படித்தாள். எனக்கு விக்கி விக்கி அழுகை வந்தது. அவள் மீதி உறைகளைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

இன்னும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. துறை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

ஆய்வேட்டைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை அதை முழுதாக யாரும் படித்ததில்லை. அது இங்கே இருந்தால் நான் எதையாவது மாற்ற ஆரம்பித்துவிடுவேன். நீங்கள் வர வேண்டாம். வந்தால் உங்கள் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

நான்

•

வீடு
ஆகஸ்ட் 17

அன்புள்ள உனக்கு,

நாங்கள் சுகம். குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது. தானே பிடுங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்து, "இத வெச்சு யாருக்காவது கட்டிக் குடுப்பா" என்றாள்.

ஆய்வேடு வந்தது. ஒன்பது நாள் மதிய இடைவேளையில் படித்தேன். முதல் நான்கு அத்தியாயம் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வரியும் பாலிஷ் போட்ட தரை மாதிரி இருக்கிறது, எனக்குக் கால் ஊன்ற முடியவில்லை. தப்பு என்று சொல்லவில்லை, எனக்குப் படிப்பு போதாது. ஐந்தாவது மட்டும் புரிந்தது. மண் எடுத்த அன்று மழை பெய்ததையும், நூற்று நாற்பத்து மூன்றாம் எண் மண் படகிலேயே கொட்டிப்போனதையும், அதே இடத்தில் மறுபடி எடுத்தபோது வண்டல் இரண்டு விரற்கடை குறைவாக இருந்ததையும் எழுதியிருக்கிறாய். ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நீ எனக்குத் தெரியவில்லை என்று எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது. படம் ஒன்பது என்று இரண்டு படத்துக்குப் போட்டிருக்கிறாய். தொண்ணூற்றிரண்டில் ஒரு காகம் மாதிரி ஏதோ கறை. மற்றபடி என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

இன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன். இனி நாள் கடத்த என்னால் முடியாது. எனக்கு இது நல்ல ஆய்வேடா, மோசமா என்று சொல்லத் தெரியாது. கைடுக்குத் தெரியும். அவரிடம் போ. பயந்துகொண்டே போ.

உன்,
பல்கட்டி

•

விடுதி, அறை 14
செப்டம்பர் 24

என்னங்க,

மூன்று பேரும் நலம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இன்றைக்குப் பரவாயில்லை.

ஆய்வேடு வந்த மறுநாள் கைடின் அறைக்குப் போனேன். உறையைக்கூடப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்தேன். எங்கே போயிருந்தாய் என்று கேட்பார் என்று பயந்தேன். உட்காரச் சொல்லிவிட்டு உறையைக் கத்தரித்தார். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கணக்கு தப்பு, ஐந்தாவதை இன்னும் விரிக்க வேண்டும், மொத்தத்தில் இது சுமாரான ஆய்வேடு என்றார். சுமார் என்ற சொல்லை என்னைப் பற்றி யாரும் இதுவரை சொன்னதில்லை. மயக்கம் வருவது போலிருந்தது. வரவில்லை. நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் மேலே பேசிக்கொண்டே இருந்தார், நான் குறித்துக்கொண்டேன்.

குழுவில் ஐந்து பேர். ஏன் தாமதம் என்று கேட்டால் சொல்வதற்காகப் பதினெட்டுக் காரணம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கேட்டார்கள். "பயமா இருந்தது சார்" என்றேன். மீதி எதுவும் ஞாபகம் வரவில்லை. "எதைப் பாத்து?" என்று தலைவர் கேட்டார். "நல்லா இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு" என்றேன். ஒருவர் சிரித்தார். ஓரத்தில் இருந்த அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் இருபது வரைக்கும் கொடுத்தார்கள். பதினாறு நாள். கணக்கைத் திருத்தினேன். ஐந்தாவது பதினோரு பக்கத்தில் இருந்து பத்தொன்பதாக வளர்ந்தது, அதற்கு மேல் வளரவில்லை. பத்தொன்பதாம் தேதி காலையில் போய் நின்றேன். வரிசையில் மூன்று பேர்தான். என் முறை வந்தது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதும் தோன்றியது, உங்களிடம் மறைக்க மாட்டேன். பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை, முன்னால் விடுவதற்கு. கண்ணை மூடிக்கொண்டு கவுன்ட்டருக்குள் தள்ளிவிட்டேன். அந்த மனிதருக்கு என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ. முத்திரை குத்தி, ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.  அறைக்கு வந்து படுத்தவள்தான், காய்ச்சலோடு நான்கு நாள் கிடந்தேன். தேர்வாளர்கள் என்ன எழுதுவார்கள் என்று தெரியாது. திருப்பி அனுப்பலாம், வேண்டாம் என்றே சொல்லலாம். பதில் வர நான்கு மாதமாகும். 

அறையைக் காலி செய்கிறேன். பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். அக்டோபர் ஐந்தாம் தேதி காலை ஆறு ஐம்பதுக்கு ரயில் அங்கே வந்து சேரும். இறங்குவதைப் பார்த்த பிறகு குட்டியிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தேதியையும் சொல்லுங்கள்.

உங்கள்,
நான்